கறையான் திருத்திய விடை

குணலட்சுமி தன் இருபத்து நான்கு வயதுக்குள் கணக்கில் வாங்கிய ஒரே பூச்சியம் பதிவுத் தபாலில் வந்தது. அரக்கு முத்திரையும் வைத்திருந்தார்கள். தெல்லிப்பழைத் தபாற்காரர் கையொப்பம் வாங்கிய பிறகும் போகாமல் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"நல்ல சேதியோ ரீச்சர்?"

"இன்னும் விளங்கேல்லை," என்றாள்.

உண்மையிலேயே விளங்கவில்லை. வட பிரதேசக் கணித உபாத்திமார் தகைமைச் சபை இப்படி எழுதியிருந்தது: "1937ஆம் ஆண்டுப் பரீட்சையில் தாங்கள் எழுதிய விடை நீளத்திலும் தோற்றத்திலும் மாதிரி விடையை ஒத்ததாகக் காணப்படவில்லை. ஆகவே தங்களுக்குப் பூச்சியம் வழங்குவதில் சபை மகிழ்ச்சியடைகிறது." மகிழ்ச்சி எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவாக அச்சடிக்கப்பட்டிருந்தது. பூச்சியம் மட்டும் கையெழுத்து.

அவள் படிப்பித்த சிவயோகவல்லி பெண் பாடசாலையில் உயர் கணிதம் கிடையாது. ஆறு பெண்கள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சபையின் தகைமைப் பத்திரம் உள்ள ஓர் உபாத்தியாயினி இருந்தால் தை மாதம் வகுப்புத் தொடங்கலாம். இல்லாவிட்டால் அந்த ஆறு பேரும் தையல் வகுப்புக்கு அனுப்பப்படுவார்கள். ஒழுங்குவிதியில் அப்படித்தான் இருந்தது.

தலைமை ஆசிரியை பாலேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"குணம், மார்கழி முடியிறதுக்குள்ளை பத்திரம் வரேல்லையெண்டால் நான் ஒண்டும் செய்யேலாது. பிள்ளையள் தையலுக்குத்தான் போகவேணும்."

"எனக்கு வேண்டாம்," என்றாள் பக்கத்து மேசையில் இருந்த தையல் ஆசிரியை கத்தரீனா. குருநகர்க்காரி; பல்லுக்கிடையில் ஊசி இருந்தாலும் தெளிவாகக் கதைப்பவள். "போன மாதம் அந்த ஆறு பேரிலை அருந்ததியிட்டைக் குழந்தைச் சட்டை ஒண்டு வெட்டச் சொன்னனான். சட்டையின்ரை பரப்பளவைக் கண்டுபிடிச்சுத் தந்தவள். சட்டை இன்னும் வெட்டேல்லை."

பரீட்சையில் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி:

y = x³(x − 2)⁴ என்பதை வகையிட்டுச் சுருக்குக. அந்த வளையி எவ்விடங்களில் மட்டமாக நிற்கும்?

குணலட்சுமிக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. பெருக்கல் விதிப்படி வகையிட்டாள். இரண்டு துண்டுகள் வந்தன: 3x²(x − 2)⁴ + 4x³(x − 2)³. இரண்டு துண்டிலும் x² இருந்தது, (x − 2)³ உம் இருந்தது. பொதுவாக இருந்ததை வெளியே எடுத்தாள். உள்ளே மிஞ்சியது 3(x − 2) + 4x, அதாவது 7x − 6. ஆகவே விடை:

x²(x − 2)³(7x − 6)

மூன்று காரணிகள் ஒன்றையொன்று பெருக்கி நிற்கும்போது எதாவது ஒன்று பூச்சியமானால் முழுவதும் பூச்சியம். ஆகவே வளையி என்ற அந்தக் கோடு ஏறாமலும் இறங்காமலும் மட்டமாக நிற்கும் இடங்கள் 0, 2, 6/7. எல்லாமாக நாலு வரி. மிச்ச இரண்டே முக்கால் மணித்தியாலமும் யன்னலில் இருந்த காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மேலதிகத் தாள் வாங்கி எழுதினார்கள். சிலருடைய உதடு அசைந்தது. ஒருவர் மெல்லிய குரலில் பாடினார். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மேன்முறையீட்டுக்கு வரும் பெண்ணோடு ஓர் ஆண்துணை வரவேண்டும் என்றும், அந்தத் துணைக்குக் கணிதம் தெரிந்திருக்கக் கூடாது என்றும் சபைக்கு விதி இருந்தது. இரண்டு தகுதியும் உள்ள அண்ணன் பஞ்சலிங்கம் புகையிலைத் தோட்டத்துத் தண்ணீரை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, அவளோடு சாவகச்சேரிக்கு ரெயில் ஏறினான்.

சந்தைக்கு எதிரே ஒரு மாடிக் கட்டடத்தில் சபை கூடியது. கீழே பலாப்பழத்துக்கு விலை பேசும் சத்தம் மேலே நன்றாகக் கேட்டது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் முதலியார் ஆழ்வாப்பிள்ளை. காரியதரிசி பிரக்கிராசி தில்லைநாதன். காணி வழக்குகளில் பெயர் எடுத்த வக்கீல். பரீட்சகர் மரியரட்ணம், இளைப்பாறிய பாடசாலைப் பரிசோதகர். நாலாவது கதிரையில் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள்.

"பெட்டிக்கு எழும்பி நில்லுங்கோ," என்றார் காரியதரிசி.

பஞ்சலிங்கம் இன்னும் கதிரையில் அமரவேயில்லை. ஆகவே ஒருதரம் இருந்துவிட்டு எழும்பினான்.

பெட்டியின் சரித்திரத்தைத் தலைவரே எடுத்துச் சொன்னார். சபையின் ஸ்தாபகர் 1913இல் ஒரே நாளில் ஒரு கேள்வியையும் அதன் விடையையும் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த நாள் மலாயாவுக்கு ரெயில்வே உத்தியோகத்துக்குக் கப்பல் ஏறினாராம். இரண்டாவது கேள்வியை அடுத்த தபாலில் அனுப்புவதாகச் சொல்லிப் போனாராம். இருபத்து நாலு வருடமாகச் சபை அடுத்த தபாலை எதிர்பார்த்திருக்கிறது. அதுவரைக்கும் முதலாவது கேள்வியே ஒவ்வொரு வருடமும் கேட்கப்படுகிறது.

"அப்ப எல்லாருக்கும் விடை தெரிஞ்சிருக்குமே ஐயா?" என்றாள் குணலட்சுமி.

"தெரிஞ்சவையைத்தானே பிள்ளை சித்தியெய்த விடவேணும்," என்றார் தலைவர். "தெரியாதவையையோ?"

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இந்த விடையை மனப்பாடமாக்கிக் கொடுக்கும் தனிவகுப்புகள் இரண்டு இருந்தன. ஒருவர் காம்போதி ராகத்தில் சொல்லிக் கொடுத்தார். மற்றவர் தாளக்கட்டோடு. பரீட்சையில் பாடியவர் யாருடைய மாணவர் என்பது குணலட்சுமிக்கு இப்போதுதான் விளங்கியது.

பரீட்சகர் மரியரட்ணம் அவளுடைய தாளை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் ஓர் அடிமட்டத்தை வைத்தார்.

"மாதிரி விடை எட்டு அங்குலம். உம்மடை விடை இரண்டே கால் அங்குலம். மிச்சம் ஐஞ்சே முக்கால் அங்குலத்தையும் என்ன செய்தனீர்?"

"சுருக்கினனான் ஐயா. கேள்வியிலை சுருக்குக எண்டு கிடக்கு."

"கேள்வியிலை கிடக்கும். அதுக்காகச் செய்யிறதோ?"

"விடையை வாசிச்சுப் பாத்தீங்களோ ஐயா?"

மரியரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவமதிக்கப்பட்ட மனிதருடைய பொறுமை அவர் குரலில் இருந்தது. "பிள்ளை, நான் இருபது வருசமாய்த் தாள் திருத்திறன். ஒரு விடையையும் வாசிச்சது கிடையாது. வாசிச்சால் அபிப்பிராயம் வரும். அபிப்பிராயம் வந்தால் புள்ளி ஆளுக்காள் மாறும். அடிமட்டத்துக்கு அபிப்பிராயம் இல்லை."

அடுத்ததாகக் காரியதரிசி எழுந்தார். நீதிமன்றப் பழக்கத்தில் இல்லாத அங்கியை ஒருதரம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீர் இரண்டு பகுதிக்கும் பொதுவாய்க் கிடந்த எக்ஸ் வர்க்கத்தை வெளியிலை எடுத்ததை ஒப்புக்கொள்ளுறீரோ?"

"ஓம் ஐயா."

"ரெண்டு பங்காளிக்கும் பொதுக் கிணறு ஒண்டு இருக்கு. ஒருத்தர் அதைக் காணிக்கு வெளியிலை கொண்டுபோய் வைச்சால் கோட்டிலை நீதவான் என்ன சொல்லுவார்?"

"கிணத்தை வெளியிலை வைக்கேலாது ஐயா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு அவர் கதிரையில் அமர்ந்தார்.

பஞ்சலிங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. "ஐயாமார் குறை நினைக்கக் கூடாது. எனக்கு உந்த எக்ஸ் தெரியாது. நாங்கள் புகையிலையைச் சிப்பமாய்க் கட்டுறனாங்கள். கட்டினால் சின்னனாய்த் தெரியும். அவிட்டு விரிச்சால் வீட்டு முற்றம் நிறையக் கிடக்கும். ரெண்டும் ஒரே புகையிலைதானே? தங்கச்சி கட்டிக் குடுத்திருக்கிறாள். உங்கடை பெட்டியிலை விரிச்சுக் கிடக்கு. அவ்வளவுதானே?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துணைக்குக் கணிதம் தெரிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் காரியதரிசிக்கு வந்தது. பாடசாலைக்கு மூன்றாம் வகுப்புவரை மட்டுமே போனதாகப் பஞ்சலிங்கம் சத்தியம் செய்த பிறகே விசாரணை தொடர்ந்தது.

"மாதிரி விடையை எனக்குக் காட்டேலுமோ ஐயா?" என்றாள் குணலட்சுமி. "ரெண்டும் ஒண்டுதான் எண்டு காட்டுறன்."

பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று பேரிடமும் ஒவ்வொரு திறப்பு. ஒருவர் திறக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கடைசியில் இரண்டு கண்ணாடித் தகட்டுக்கிடையில் மஞ்சளாகிப்போன ஒரு தாள் வெளியே வந்தது.

7x⁶ − 48x⁵ என்று அழகான கையெழுத்தில் தொடங்கியிருந்தது. அதன்பிறகு ஒரு புளியங்கொட்டை அளவில் ஓட்டை. ஓட்டைக்குப் பிறகு − 128x³ + 48x². கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, வளையி எங்கே மட்டமாக நிற்கும் என்பதற்கு, ஸ்தாபகர் எழுதியிருந்த விடை ஒரே சொல்: "மேற்படி." விரித்துக் கிடந்த அந்தக் கோவையைப் பார்த்து அவருக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை போலும். கப்பலுக்கும் நேரமாகியிருக்கும்.

"ஐயா, இதிலை ஒரு ஓட்டை இருக்கு."

"ஓம்," என்றார் மரியரட்ணம், கோயில் தேரைக் காட்டுபவர் போல. "1926ஆம் ஆண்டு மாரி மழையிலை கறையான் ஏறினது."

"அந்த இடத்திலை கூட்டல் நூற்றிருபது எக்ஸ் நாலு வரவேணும் ஐயா."

"வரவேணும் எண்டு எங்கை எழுதியிருக்கு?" என்று கேட்டார் காரியதரிசி.

"அந்த ஓட்டையிலைதான் ஐயா எழுதியிருந்திருக்கும்."

"ஓட்டையிலை எழுதியிருந்ததைச் சாட்சியமாய் எடுக்கேலாது."

1926க்குப் பிறகு அந்த உறுப்பையும் சேர்த்து எழுதியவர்கள் யாராவது இருந்தார்களா என்று அவள் கேட்டாள். பதினேழு பேர் இருந்தார்களாம். மாதிரியில் இல்லாததை எழுதியதற்காகப் பதினேழு பேரும் தோற்கடிக்கப்பட்டார்களாம். அதன்பிறகு தனிவகுப்புக்காரர்கள் காம்போதியில் ஓர் இடத்தை விட்டுப் பாடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இடத்தில் மாணவர்கள் மூச்சு எடுத்துக்கொள்வார்கள்.

குணலட்சுமி ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். "ஐயா, எக்ஸுக்கு ஒண்டு எண்டு போட்டுப் பாப்பம். என்ரை விடை கழித்தல் ஒண்டு எண்டு வரும். ஓட்டையிலை நான் சொன்னதைப் போட்டால் உங்கடை விடையும் கழித்தல் ஒண்டு. போடாட்டில் கழித்தல் நூற்றிருபத்தொண்டு. ரெண்டு நிமிசத்திலை நீங்களே—"

"நிப்பாட்டும்," என்றார் காரியதரிசி. "எக்ஸ் எண்டது என்ன?"

"தெரியாத எண் ஐயா."

"அது தெரியாமல்தான் இருக்கும் எண்ட நம்பிக்கையிலை இந்தச் சபை அமைக்கப்பட்டது. நீர் இப்ப வந்து அது ஒண்டு எண்டு சொல்லுறீர். நாளைக்கு இன்னொருத்தர் வந்து ரெண்டு எண்டுவார். பிறகு சபை எதுக்கு?"

தலைவர் இதை வாக்கெடுப்புக்கு விட்டார். எக்ஸ் ஒன்றாக இருக்க முடியாது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பிறகு அவர் எழுந்து முடிவுரை நிகழ்த்தினார். கீழே சந்தையிலும் அந்த நேரம் சத்தம் ஓய்ந்திருந்தது.

"எனக்கு வகையீடு தெரியாது. அதை நான் ஒருநாளும் மறைச்சதில்லை. அது தெரியாதபடியால்தான் எனக்குப் பக்கச்சார்பு கிடையாது. பரீட்சகர் விடையை வாசிக்கிறதில்லை. அதனாலை அவருக்கு ஆளும் தெரியாது, கணக்கும் தெரியாது. காரியதரிசிக்குச் சட்டம் தெரியும்; சட்டத்துக்கு எக்ஸ் தெரியாது. இப்பிடி ஒரு நீதியான சபை இந்த மாகாணத்திலை வேறை இல்லை. பிள்ளை, உமக்கு இன்னொரு தவணை தாறம். வாற மாதம் வந்து எழுதும். மாதிரியிலை உள்ளது உள்ளபடி வரவேணும். ஒண்டு கூடவும் கூடாது, ஒண்டு குறையவும் கூடாது."

திரும்பி வரும் ரெயில் யாழ்ப்பாணம் தாண்டியது. கோண்டாவிலில் பஞ்சலிங்கம் சொன்னான்.

"அவை கேக்கிறதை எழுதிக் குடுத்திட்டு வாவன்."

"நூற்றிருபது எக்ஸ் நாலை விட்டிட்டு எழுதினால் பிழையல்லோ அண்ணை."

"அது ஆரின்ரை காணிக்குள்ளை போய் விழப்போகுது?"

"அதை எழுதித்தான் பத்திரம் எடுத்தனான் எண்டால், தை மாதம் அருந்ததிக்கு முன்னாலை எந்த முகத்தோடை நிண்டு படிப்பிக்கிறது? அவள் ஒரு நிமிசத்திலை கண்டுபிடிச்சிடுவாள்."

"அப்ப எழுதாதை."

"எழுதாட்டில் அவள் தையலுக்குப் போவாள்."

பஞ்சலிங்கம் சால்வையை எடுத்து மடித்தான். இது சிப்பம் கட்டித் தீர்க்கும் விஷயமாக அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரமாக அவள் இரண்டு பக்கமும் யோசித்தாள். எழுதினால் வகுப்பு உண்டு, கணக்குப் பிழை. எழுதாவிட்டால் கணக்குச் சரி, வகுப்பு இல்லை. ஒருநாள் இடைவேளையில் தையல் அறையில் இருந்து கத்தரீனாவுக்கு நடந்ததெல்லாம் சொன்னாள். கத்தரீனா ஒரு சட்டைக்கு மாதிரித்தாள் வைத்துத் துணி வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"உள்ளது உள்ளபடி எண்டோ சொன்னவர்?"

"ஓம்."

"மாதிரியிலை ஓட்டை இருக்கெண்டுறீர்."

"ஓம், அதுதானே கரைச்சல்."

"என்ன கரைச்சல்? எங்கடை தொழிலிலை மாதிரித்தாளிலை ஓட்டை இருந்தால் துணியிலையும் ஓட்டை வெட்டுவம்." கத்தரீனா வெட்டிய துணியைத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் இருந்த வட்டத்தினூடே அவளுடைய முகம் தெரிந்தது. "இது கழுத்து."

குணலட்சுமி அந்தக் கழுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு, "உங்கடை சின்னக் கத்தரிக்கோலை வாற வியாழக்கிழமைக்குத் தருவீங்களோ?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அவள் சபையின் முன்னிலையில் இருந்து எழுதினாள். முதலில் தாளின் பின்பக்கத்தில் தன்னுடைய பழைய நாலு வரியையும் எழுதினாள்: காரணிகள், 0, 2, 6/7 எல்லாம். பின்பக்கம் பார்ப்பதற்குச் சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. பிறகு தாளைத் திருப்பி, காரணிகளைப் பெருக்கி விரித்து, ஐந்து உறுப்பையும் ஒன்றும் விடாமல் எட்டு அங்குல நீளத்தில் சரியாக எழுதினாள்: 7x⁶ − 48x⁵ + 120x⁴ − 128x³ + 48x². கீழே "மேற்படி" என்றும் எழுதினாள். கடைசியாகக் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, மூன்றாவது உறுப்பைப் புளியங்கொட்டை அளவில் வெட்டி எடுத்தாள். வெட்டிய துண்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

மரியரட்ணம் அடிமட்டத்தை வைத்தார். எட்டு அங்குலம். மாதிரி விடையை எடுத்து அவளுடைய தாளின்மேல் வைத்தார். இரண்டையும் சேர்த்து யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இரண்டு ஓட்டையும் ஒன்றின்மேல் ஒன்று நின்றன. அதனூடாக ஒரு வெயில் கீற்று வந்து தலைவருடைய மூக்கில் விழுந்தது. சபை தொடங்கிய நாளிலிருந்து அங்கே வந்த முதலாவது வெளிச்சம் அதுதான்.

மரியரட்ணத்தின் கண் கலங்கியது. "பதினொரு வருசம்," என்றார். "எல்லாரும் ஓட்டையிருக்கிற இடத்திலை சும்மா வெள்ளைத் தாளை விட்டிட்டுப் போவினம். அதைப் பூரணமாய் எழுதின முதல் ஆள் இந்தப் பிள்ளைதான்."

"ஓட்டைக்கும் புள்ளி உண்டோ?" என்று கேட்டார் தலைவர்.

"ஓட்டைக்குத்தான் கூடப் புள்ளி," என்றார் காரியதரிசி.

மார்கழி இருபத்தெட்டாம் திகதி தகைமைப் பத்திரம் பதிவுத் தபாலில் வந்தது. முதற் பிரிவு, விசேட சித்தி. தபாற்காரர் இந்த முறையும் போகாமல் நின்றார். "இப்ப விளங்கிச்சோ ரீச்சர்?" என்று கேட்டார். "இல்லை," என்று சொல்லி அவள் கையொப்பம் வைத்தாள்.

தை மாதம் உயர் கணித வகுப்புத் தொடங்கியது. குணலட்சுமி கரும்பலகையின் மூலையில் புளியங்கொட்டை அளவான அந்தத் துண்டை ஒட்டிவைத்தாள். + 120x⁴ என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. முதல் நாளே அதே கேள்வியைக் கொடுத்தாள். பொதுவாக இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னாள். ஆறு பேரும் எடுத்தார்கள். அருந்ததி நாலு வரியில் முடித்துவிட்டு யன்னலில் ஒரு காகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

மாசி மாதம் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் சபையின் சுற்றறிக்கை வந்தது. பாலேஸ்வரி அதை ஆசிரியைமாருக்கு வாசித்துக் காட்டினார். "கடந்த மாரியில் கறையான் மாதிரி விடையில் மேலும் ஒரு திருத்தம் செய்துள்ளது. இரண்டாவது துவாரம் பிறை வடிவானது. இனிமேல் விண்ணப்பதாரர் அனைவரும் தத்தம் கத்தரிக்கோலைக் கொண்டுவர வேண்டும். அதில் போதிய பயிற்சி இல்லாதவர்களின் விடைகள் ஏற்கப்படமாட்டா."

பாலேஸ்வரி வகுப்பு நேரசூசியை எடுத்து மாற்றி எழுதினார். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை பின்னேரம் உயர் கணிதக்காரிகள் ஆறு பேரும் வரிசையாகத் தையல் வகுப்புக்குப் போனார்கள்.

கத்தரீனா பழைய தாள்களில் பிறை கீறிக் கொடுத்தாள். "வளைவாய் வெட்டேக்கை அவசரப்படக் கூடாது பிள்ளையள். வளைவு எங்கை மட்டமாய் நிக்குதெண்டு பாத்து, அந்த இடத்திலைதான் கத்தரிக்கோலைத் திருப்பவேணும்."

அருந்ததி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"ரீச்சர், இந்த வளைவின்ரை சமன்பாடு என்ன?"

கத்தரீனா பல்லுக்கிடையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"அதைக் கறையானிட்டைத்தான் கேக்கவேணும்," என்றாள்.